அத்தை வருவதாக எழுதியிருந்தாள்

பிப்ரவரி 18

சிட்டு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. எங்களுக்கு இருப்பது ஒரே அறை. நான் போனைக் கையில் எடுத்தாலே பெரியவள் பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதை என் பக்கம் தீட்டி வைத்துக்கொள்கிறாள். பத்து வயதுக்கு அவளுக்கு இருக்கும் காது போலீஸ்காரனுக்குக்கூட இருக்காது. உங்கள் இல்லத்துச் சமையலறையிலும் போன் கூடாது என்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் முழுகாமல் இருக்கிறேன். உன் அண்ணன் சாரத்திலிருந்து விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் தரித்தது என்று டாக்டரம்மா சொன்னார். அந்த மனுஷனுக்குத் தெரியாமலே போய்விட்டது. தெரிந்திருந்தால் அந்த எட்டாவது மாடிச் சுவருக்கு வர்ணம் அடிக்கும்போதுகூடப் பாடிக்கொண்டுதான் அடித்திருப்பார்.

வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில் சட்டப்படியே செய்கிறார்கள். மார்ச் பன்னிரண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். புருஷனை இழந்தவளுக்குக் கொடுக்கும் உதவித்தொகை இரண்டு பிள்ளைகளுக்குத்தானாம், மூன்றாவது பிறந்தால் அதற்குக் கிடையாதாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண், "நான் என்னக்கா பண்றது, ரூல் அப்படி இருக்கு" என்று என்னைவிட வருத்தப்பட்டாள். காண்டிராக்டர், உன் அண்ணன் இடுப்புப் பெல்ட் கட்டவில்லை என்று சொல்லிக் கையை விரித்துவிட்டான். அந்தப் பெல்ட்டின் கொக்கி அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே உடைந்துவிட்டது என்று அவனுக்கே தெரியும்.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. சொல்லாமல் செய்தால் பிறகு உன் முகத்தில் விழிக்க முடியாது, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாதே.

அண்ணி

*

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் வைத்த பால் தீய்ந்து, இங்கே இருக்கும் தாய்மார்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். ஒருத்தி இடுப்பில் பத்து நாள் குழந்தை. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உங்கள் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அது கொலை, அண்ணி. எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். மனம் வரவில்லை. நம்புவதை எழுதாமல் உங்களிடம் நடிக்க எனக்குத் தெரியாது.

அண்ணன் போன பிறகு எனக்கென்று இந்த உலகத்தில் ரத்த சொந்தம் யார் இருக்கிறார்கள்? பிள்ளை இல்லை என்று என்னைக் கட்டியவன் விட்டுவிட்டுப் போனபோது, "நீ எதுக்கு அழுவுற, நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டது அண்ணன்தான். அந்த அண்ணன் விட்டுவிட்டுப் போன கடைசித் துளி அது. அதைப் போய் எப்படி அண்ணி?

இந்த இல்லம் எதற்கு இருக்கிறது? வேறு வழி இல்லை என்று நினைக்கிற பெண்களுக்காகத்தான். இங்கே வந்துவிடுங்கள். பிரசவம், மருந்து, பால் மாவு, துணி எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். இல்லத்தை நடத்தும் பெரியம்மாவிடம் இன்றைக்கே பேசுகிறேன். ஒன்பது மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

உங்கள் சிட்டு

*

மார்ச் 2

சிட்டு,

ஒன்பது மாதம் உன் கடிதத்தில் ஒரு வரி. எழுதுவதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார். எனக்கும் எழுதிப் பெற்றுக்கொள்ள முடிந்தால் நாலைந்து பெற்றிருப்பேன்.

கொலை என்று எழுதியிருக்கிறாய். அதை மூன்று தரம் படித்தேன். பிறகு சின்னவனுக்குச் சோறு போட்டேன், அவன் இன்னும் கொஞ்சம் கேட்டான், என் தட்டிலிருந்து எடுத்துப் போட்டேன். இந்த வீட்டில் தினமும் இதுதான் நடக்கிறது. அதற்கு என்ன பெயர் என்று உங்கள் பெரியம்மாவைக் கேட்டுச் சொல்.

வரச் சொல்கிறாயே, என் இரண்டும் எங்கே இருக்கும்? உங்கள் இல்லத்தில் அவர்களுக்குப் பாய் உண்டா? பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா? பிள்ளைக்குப் பால் மாவு எத்தனை மாதம் கொடுப்பார்கள்? பிறகு அது என்ன சாப்பிடும்? கேட்டு எழுது. கோபத்தில் கேட்கவில்லை. கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் கேட்டு எழுது.

என் வேலையைப் பற்றி உனக்குச் சரியாகத் தெரியாது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் எல்லாம் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, நேருக்கு நேர் நடந்து வந்து முனையை முனையோடு சேர்க்க வேண்டும். தனியாக மடிக்க முடியாது. அதனால் கூலியும் ஜோடிக்குத்தான். என் ஜோடிக்குக் குச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆள் பார்த்தால் உனக்கே புரியும். மூன்று வருஷமாக ஒரே விரிப்பின் இரண்டு பக்கம் நாங்கள்.

போன வாரம் குச்சி மெதுவாகக் கேட்டாள்: "ஏன்டி, முன்ன மாதிரி கிட்ட வர மாட்டேங்குற? முனையத் தூக்கிப் போட்டுட்டுப் பின்னாடியே போற?" சோப்பு நெடிக்கு வயிறு புரளுவதை மறைக்கத்தான் அப்படி. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் முழு நாளும் அவளே என் பக்கம் வரைக்கும் நடந்து வந்து முனையை வாங்கிக்கொண்டாள்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அதை வைத்து என்னை மடக்கப் பார்க்காதே. எனக்கும் ஆசை இருக்கிறது. அவர் சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன். பைத்தியக்காரி மாதிரி அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். இது ஆசை இல்லாதவள் செய்கிற காரியம் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அண்ணி

*

மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதை எல்லாம் பெரியம்மாவிடம் கேட்டேன். சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. இங்கே தாயும் கைக்குழந்தையும் மட்டும்தான் தங்கலாம். மூத்த பிள்ளைகளை விடுதியில் சேர்க்க வேண்டுமாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் புதிதாக வருகிறவளுக்கு இடம் விட வேண்டும். ஐந்து வருஷமாக இங்கே சமைக்கிறேன், ஆறு மாதம் கழித்து அவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. மூட்டை கட்டிக் கொடுப்பேன், கையசைப்பேன், அடுத்தவளுக்குச் சோறு வைப்பேன்.

அதனால் இரண்டு நாள் நன்றாக யோசித்தேன். நானே வருகிறேன், அண்ணி. குழந்தை பிறக்கும் நாளிலிருந்து உங்களோடு அந்த அறையிலேயே இருக்கிறேன். நீங்கள் வேலைக்குப் போங்கள், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குச் சமைக்கத் தெரியும், எங்கே போனாலும் நாலு வீட்டில் வேலை கிடைக்கும். நான் அதிகம் சாப்பிடவும் மாட்டேன். அண்ணன் என்னை எப்படித் தாங்கினாரோ அப்படி அவர் பிள்ளையைத் தாங்குவேன். இது சத்தியம். பன்னிரண்டாம் தேதி போகாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் இல்லத்தைச் சேர்ந்த குழு ஒன்று உங்கள் ஊரில் இருக்கிறது. நல்ல மனுஷர்கள். தேவைப்படும் பெண்களுக்குத் துணிமணி, சத்து மாத்திரை எல்லாம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்களிடம் சொல்லும்படி பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் நீங்கள் வேலை செய்யும் இடத்தையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றீர்கள், ஞாபகம் இருக்கிறது. ஆனால் இவர்கள் யாரோ இல்லை, நம்மவர்கள்.

உங்கள் சிட்டு

*

மார்ச் 13

என் சிட்டுக்குட்டி,

தபால்காரர் உன் கடிதத்தைப் பதினொன்றாம் தேதி காலையில் பெரியவள் கையில் கொடுத்திருக்கிறார். அவள் அதைப் பைக்குள் போட்டு மறந்துவிட்டு, இரவு சாப்பிடும்போதுதான் நீட்டினாள். "நானே வருகிறேன்" என்ற வரியோடு நிறுத்திவிட்டேன். மேலே கண் தெரியவில்லை. சின்னவன் எழுந்து வந்து, "அம்மா மூக்கு ஒழுகுது" என்று ஊருக்கே அறிவித்தான்.

நேற்று மருத்துவமனைக்குப் போனேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான். டாக்டரம்மா என்னை உட்கார வைத்து, "நல்லா யோசிச்சிட்டீங்களாம்மா? எதுவானாலும் உங்க விருப்பம்தான்" என்றார். உன் அண்ணன் போனதிலிருந்து எத்தனை பேர் எத்தனையோ சொன்னாலும் இந்த வார்த்தையை என்னிடம் சொன்னது அந்த அம்மா ஒருத்திதான். யோசித்துவிட்டேன் என்றேன். வெளியே வந்தபோது சத்தியமாகச் சொல்கிறேன், பசித்தது. ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டேன்.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். சின்னவன் அது எங்கே படுக்கும் என்று கேட்டான். உன் இடத்தில் என்றேன். அழுதான். பிறகு அவனாகவே நகர்ந்து படுத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ இடம் போதுமா?" என்று கேட்டான். பெரியவள் பெயர் யோசிக்கிறாள். எல்லாம் அவள் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களின் பெயர்.

இனிமேல்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதி சலவைக்கூடத்தில் எங்களை நிரந்தரம் செய்யப் போகிறார்கள். மூன்று வருஷமாக வாய் வார்த்தையாக இருந்தது, இப்போது பட்டியல் தயாராகிறது. நிரந்தரமாகிவிட்டால் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு, யாரும் அசைக்க முடியாது. அதற்கு முன்னால் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள், காரணமே சொல்ல மாட்டார்கள். போன வருஷம் இரண்டு பேருக்கு அப்படித்தான் ஆனது. ஒருத்தி பெயர் போனால் ஜோடியின் பெயரும் போய்விடும். குச்சிக்குச் சொல்லிவிட்டேன். "வாயத் தொறக்க மாட்டேன், நீ வயித்த உள்ள இழுத்துக்கோ" என்றாள். இரண்டு பேரும் விரிப்புக்குப் பின்னால் மறைந்துகொண்டு சிரித்தோம்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை இன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். போனுக்கு ரீசார்ஜ் போடக் காசில்லை, அதனால் இதிலேயே சொல்கிறேன்: அந்தக் குழுக்காரர்களிடம் வேலை இடத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடு. மறந்துவிடாதே. ஏப்ரலுக்குப் பிறகு மேளதாளத்தோடு வரட்டும்.

உன் அண்ணி

*

மார்ச் 18

அண்ணி,

கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. அலுவலக அறைக்கு ஓடிப் போய் பெரியம்மாவை உடனே போன் செய்யச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. சாயந்திரம் மறுபடி முயற்சி செய்கிறேன் என்றார்கள். இன்னும் போயிருக்க மாட்டார்கள்தானே? இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் போன்தான் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கிறதே, வீட்டுக்குக் கீழே இருக்கும் டயர் கடை எண் இருந்தாலும் எழுதுங்கள்.

சிட்டு

*

மார்ச் 31

நாத்தனாருக்கு,

போய்விட்டார்கள். நீ அந்தக் கடிதத்தை எழுதியதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து போய்விட்டார்கள்.

வேலை விடுகிற நேரம். வெள்ளைக் காரில் மூன்று பெண்கள். கையில் பெரிய கூடை, அதில் குட்டிக் குட்டிச் சட்டைகள், பால் புட்டி, மேலே ரோஜா நிற ரிப்பன். வாசலில் நின்ற சூப்பர்வைசரம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள், "இங்க மாசமா இருக்கிற அக்கா யாருங்க? புருஷன் தவறிட்டாரே, அவங்க." நான் வெளியே வந்ததும் ஒருத்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்ளோ தைரியமானவங்க தெரியுமா?" என்று கண்கலங்கினாள். அது நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியவில்லை. கெட்டவர்களாக இருந்தால் காறித் துப்பிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

சூப்பர்வைசரம்மா, "வாழ்த்துகள்மா, சொல்லவே இல்லையே" என்று சிரித்தாள். வார முடிவில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. குச்சியின் பெயரும் இல்லை. இரண்டு பேரையும் அடுத்த நாளிலிருந்து வர வேண்டாம் என்று வாட்ச்மேன் சொன்னான்.

குச்சி என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. அவளுக்கும் ஒரு மாமியார், ஒரு மகன், வாடகை இருக்கிறது. அந்த மூன்று நாளும் நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "பிரசவம் ஆனதும் வாம்மா" என்றார்கள். அதுவரை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நீ அப்போதும் வருவாய் என்று எனக்குத் தெரியும். நீ வரும்போது நாங்கள் எந்தக் கூரைக்குக் கீழே இருப்போம் என்றுதான் தெரியவில்லை. வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் தட்டும்போது பெரியவள் எழுந்து விளக்கை அணைக்கப் பழகிவிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனேன். இன்னும் தள்ளிப் போடக் கூடாது என்றார்.

போனேன், முடிந்தது.

நாலாவது நாள் குச்சிதான் வந்து நின்றாள், "கெளம்பு, நான் கூட வரேன்" என்று. மருத்துவமனை வாசலில் எப்போதும் ‘கருவைக் கலைக்காதே’ என்று அட்டை பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அன்றைக்கும் நின்றார்கள். தூறல். அதில் ஒருத்தி அந்தக் கூடைக்காரி. என்னை அடையாளம் கண்டுகொண்டு, அட்டையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுக் குடையோடு ஓடி வந்தாள். "செக்கப்பாக்கா? பாத்து வாங்க, படி வழுக்குது" என்றாள். என் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டது அவள்தான். குச்சிதான் திரும்பிக்கொண்டு அழுதாள்.

உன் அண்ணன் பிள்ளை, உன் அண்ணன் பிள்ளை என்று எழுதினாய். அது என் பிள்ளையும்தான். இனி எழுதாதே. வரவும் வேண்டாம். பார்த்துக்கொள்ள எதுவும் இல்லை.

*

ஏப்ரல் 27

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். ஒரு மாதம் அடக்கிக்கொண்டு இருந்தேன். இதைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

இல்லத்தில் வருஷா வருஷம் ஒரு கூட்டம் நடக்கும். நன்கொடை கொடுக்கிறவர்கள் வருவார்கள். இந்த வருஷம் காப்பாற்றப்பட்ட உயிர்கள் என்று ஒரு எண்ணிக்கை சொன்னார்கள். அதில் உங்களுடையதும் இருந்தது. கூடை கொடுத்தவுடன் எழுதிக்கொண்டார்களாம், பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள் இங்கேயே இருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே போனேன்.

எனக்குப் பேசத் தெரியாது. நடந்ததை அப்படியே சொன்னேன். ரிப்பனைச் சொன்னேன், பட்டியலைச் சொன்னேன், குடையைச் சொன்னேன். விலாசம் கொடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். பிறகு முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "அந்தப் பெண்ணுக்காகப் பிரார்த்தனை செய்வோம்" என்றார். "அவங்களுக்கு வேலை வாங்கிக் குடுங்க சார்" என்றேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

பெரியம்மா ராத்திரி சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஆறு மாசத்துக்கு மேல வெச்சிக்க நம்மகிட்ட வசதி இல்லம்மா. இருந்தா வெச்சிக்க மாட்டேனா?" என்று கேட்டார். அவரை என்னால் திட்ட முடியவில்லை.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், அண்ணி. நடந்தது சரி என்று என் மனம் இன்னும் ஒப்பவில்லை. ஒப்பும் என்றும் தோன்றவில்லை. ஆனால் முன்பெல்லாம் பாவம் என்று சொன்னால் யாருடைய பாவம் என்று எனக்குச் சந்தேகமே வராது. இப்போது காய் நறுக்கும்போது அதே யோசனை. யோசித்துப் போகிற இடமெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறது.

அடுத்த மாதக் கடைசியோடு இங்கிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை இல்லாவிட்டாலும் நான் வரலாமா?

சிட்டு

*

மே 4

சிட்டு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் அலமாரி மேல் வைத்திருந்துவிட்டுப் படித்தேன்.

நடந்தது சரியா தப்பா என்று நாம் இரண்டு பேரும் சாகும் வரைக்கும் சண்டை போடலாம், அதற்கு அவசரம் இல்லை. தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருக்கிறேனா என்றால் அதுவும் இல்லை. சில நாள் சோப்பு நெடி வந்ததும் வயிறு புரளும் என்று காத்துக்கொண்டு நிற்கிறேன். புரளுவதில்லை. அப்போது அழுகை வருகிறது. அழுதுவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உன் அண்ணன் காரியத்துக்கு வந்தாய், அழுதாய், மறுநாள் ரயில் ஏறினாய். நான் இரண்டு பிள்ளைகளோடு வாசலில் நின்றேன். அன்றைக்கு ஏன் "நான் வருகிறேன்" என்று சொல்லவில்லை? நானும் கேட்கவில்லை, அது என் திமிர். ஆனால் நீ அன்றைக்கு இங்கே இருந்திருந்தால், முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த அன்றே உன் தோளில் சாய்ந்து சிரித்திருப்பேன். அந்த முதல் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். பிறக்காத ஒன்றுக்காக வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாய். பிறந்தது இரண்டு இங்கேயே இருந்தது.

திட்டி முடித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் எனக்கும் குச்சிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ராத்திரி வேலை. பிள்ளைகள் தனியாகத்தான் தூங்குகின்றன. பெரியவள் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, தம்பியைச் சுவர்ப் பக்கம் போட்டுவிட்டு, அவள் கதவுப் பக்கம் படுத்துக்கொள்கிறாள். காலையில் நான் வந்து மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் நாற்காலியை நகர்த்துகிறாள்.

நீ வருகிற ரயில் இருட்டின பிறகுதான் வரும், நான் வீட்டில் இருக்க மாட்டேன். அதே வீடுதான், டயர் கடைக்கு மேல் மாடி, இடது பக்கம். கதவைப் பலமாகத் தட்டாதே, பயப்படுவார்கள். அத்தை வந்திருக்கிறேன் என்று சொல். நீ வருவதாக எழுதியிருந்ததைச் சொன்ன நாளிலிருந்து, பெரியவள் அத்தை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாப்பா வராது என்று சொன்ன பிறகும் அதைக் கேட்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

அண்ணி